அண்ணியின் கண்ணைத் திறந்தவர்

என் வீட்டுக்காரருக்கு அவர் அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லைத் தவிர வேறு எங்கும் அதைப் பார்க்க முடியாது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் "இன்னொண்ணு". கல்யாண மேடையில் ஒரு குடும்பத்தையே நிற்க வைத்து, ஒருவர் தலையை நிமிர்த்தி, இன்னொருவர் தோளை இறக்கி, ஒருவழியாக ஒரு படம் எடுப்பார். அப்பாடா என்று எல்லோரும் கலையும் நேரத்தில் "இன்னொண்ணு" என்பார். அது முடிந்ததும் மறுபடியும் "இன்னொண்ணு". பசியோடு நிற்கிற பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதெல்லாம் வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கும். அதை வெட்டியெடுத்துவிட்டு, மேலே இசையைப் பூசுவது என் வேலை. ஆல்பம் பக்கங்களை அடுக்குவதும் நான்தான். அதனால் என் புருஷனைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. இரண்டு திரைகள், ஒரு சுழல் நாற்காலி, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிகளில் வரிசையாக ஹார்டு டிஸ்குகள். வீட்டில் இருக்கிற ஒரே ஏசி கம்ப்யூட்டருக்கு. கோடையில் எனக்கு மூச்சு முட்டினால் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், ஆனால் கம்ப்யூட்டருக்குப் போகிற காற்றை மறைக்கக் கூடாது என்று உத்தரவு.

மனுஷனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆப் உண்டு. "சில நாட்கள் இலவசம்" என்று எவனாவது எழுதி வைத்திருந்தால் போதும், இவர் கை பரபரக்கும். இவர் பெயரில் இலவச நாட்கள் தீர்ந்ததும் என் பெயரில் ஒரு மின்னஞ்சல், அதுவும் தீர்ந்ததும் என் அப்பா பெயரில் ஒன்று. என் அப்பாவுக்குக் கால்குலேட்டரே தகராறு. அவர் பெயரில் இன்றைக்கும் மாதாமாதம் "உங்கள் படைப்புப் பயணம் எப்படிப் போகிறது?" என்று கடிதம் வருகிறது.

வானத்தில் குறுக்கே போகும் கம்பிகளை அழிக்க ஒரு ஆப். வழுக்கையில் விழும் வெளிச்சத்தைக் குறைக்க ஒன்று. முகத்தை மழமழப்பாக்க ஒன்று; அதை ஒரு தாத்தாவின் மேல் ஓட்டி, அவர் உரித்த முட்டை மாதிரி ஆகி, பேரன் பேத்திகளுக்கே அடையாளம் தெரியாமல் போனது தனிக்கதை. இவை எல்லாமே நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறவையாம். அவற்றை அப்டேட் பண்ணவே இவருக்கு நேரம் போதவில்லை. நடுவில் சேனல் வேறு. எடிட்டிங் சொல்லித்தருகிறேன் என்று முகத்தில் ரிங் லைட்டை அடித்துக்கொண்டு, "மக்களே, ஒரே க்ளிக்தான்" என்று ஆரம்பிப்பார். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர், ஆல்பம் எப்போது வரும் என்று கமெண்டில் கேட்கிற வாடிக்கையாளர்கள்.

இவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஆப் எதைக் கேட்டாலும் படிக்காமல் "சரி" என்று அமுக்கிவிடுவார். வீட்டில் ஒரு அலமாரி வாங்கலாமா என்று நான் கேட்டால் மாதக்கணக்கில் யோசிக்கிற ஆள், முன்பின் தெரியாத ஆப்புக்கு முதல் பார்வையிலேயே எல்லா உரிமையும் எழுதிக்கொடுத்துவிடுவார். எனக்கு அதில் உள்ளூர வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

சரி, அண்ணிக்கு வருகிறேன். அண்ணி என்றால் இவருடைய அக்கா. அம்மா செத்தபோது இவர் சின்னப் பையன். தூக்கி வளர்த்தது அண்ணிதான். தன் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மிஷின்களைப் போட்டு, புருஷனும் பாதியில் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பியையும் தன் மகளையும் அந்த மிஷினை மிதித்தே ஆளாக்கினார். இவருக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்ததும் அண்ணி. அந்தக் கேமராவில் இவர் முதலில் எடுக்க நினைத்தது அண்ணியைத்தான். இன்று வரைக்கும் அது நடக்கவில்லை.

காரணம், அண்ணியின் சிரிப்பு. இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஒரு முழங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி நிற்கிற கோலத்தைப் பார்த்ததுமே அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். அரைகுறையாக இல்லை, சுத்தமாக. கன்னம் இரண்டும் மேலே ஏறி, கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு மட்டும் இருக்கும். "அக்கா, கண்ணைத் திற" என்று இவர் கெஞ்சினால் சிரிப்பு இன்னும் கூடும். குடும்பத்தில் யார் வீட்டு விசேஷத்தை எடுத்துப் பார்த்தாலும் அண்ணி இப்படித்தான் நிற்பார். ஊர் முழுக்க எல்லோரையும் எடுத்த மனுஷனிடம், சொந்த அக்கா கண் திறந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது. அதுதான் வினை. அண்ணியின் அடையாள அட்டை. அந்த ஆபீஸில் காலையிலிருந்து வரிசையில் நிற்கவைத்திருக்கிறார்கள். கடைசியில் கேமரா முன்னால் உட்கார்ந்தபோது, பக்கத்தில் நின்ற கிளார்க், "தூங்குறதுக்கா வந்தீங்க, கண்ணைத் திறங்க" என்றிருக்கிறான். அண்ணி ஓரக்கண்ணால் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஃப்ளாஷ் அடித்துவிட்டது. கண் இரண்டும் ஓரமாகத் திரும்பி, கொன்னுடுவேன் என்கிற மாதிரி இருக்கும். எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது அந்தப் படம் இவருடைய கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது.

இந்தக் குடும்பத்துக்கும் அடையாள அட்டைக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு. அண்ணி வீட்டில் தையல் மிஷினுக்கு மேலே இவர்களுடைய அம்மா படம் மாட்டியிருக்கிறது. அம்மாவுக்கு வேறு போட்டோவே கிடையாது, கார்டிலிருந்ததைப் பெரிதாக்கியதுதான். அதுவும் முறைப்புதான். தைத்தது சரியில்லை என்று சண்டை போட வருகிறவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அண்ணியின் மகள் பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இவர் எல்லோர் முன்னாலும் சபதம் போட்டார், இந்தத் தடவை அக்காவைக் கண் திறந்து எடுத்துக் காட்டுகிறேன் என்று. கல்யாணத்தன்று வீடியோகூட வேண்டாமென்று படத்திலேயே குறியாக மேடையில் ஏறி இறங்கி, நாற்காலி மேல் நின்று, தூணுக்குப் பின்னால் ஒளிந்து, எல்லா வித்தையும் காட்டினார். வித்தை கூடக்கூட அண்ணிக்குச் சிரிப்பும் கூடியது. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, கொஞ்சம் விறைப்பான ஆள். மண்டபம் எது என்பதில் ஏற்கெனவே இரண்டு வீட்டுக்கும் ஒரு சின்ன உரசல் இருந்தது. மேடையில் அண்ணிக்குப் பக்கத்தில் எப்போதும் அவர்தான் நின்றார். அண்ணியோ சிரிப்பைத் தாங்க முடியாமல் அவர் கையையே பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அண்ணி இருக்கிற எல்லாப் படத்திலும் இரண்டு கோடு. மனுஷன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் புதிதாக ஒரு ஆப் இறக்கியிருந்தார். ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நல்லதைப் பொறுக்கி, நிறம் திருத்தி, யார் யார் எந்தப் படத்தில் இருக்கிறார்கள் என்று முகம் பார்த்துப் பிரித்து, அவரவர் போனுக்கே அனுப்பிவிடும். அதிலேயே இன்னொரு வசதி, கண் மூடியிருப்பவர்களுக்குக் கண் திறந்துவிடுவது. அந்த ஆளின் வேறு ஏதாவது படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டிவிடுமாம். ஒட்டட்டுமா? சரி. இடம் மிச்சமாகப் பழைய படத்தை அழித்துவிடட்டுமா? சரி. எல்லோருக்கும் அனுப்பிவிடட்டுமா? சரி. அதுவும் முடிந்ததும் கேமரா கார்டுகளைத் துடைத்து அடுத்த கல்யாணத்துக்குத் தயார் பண்ணிவிட்டு, நிம்மதியாகக் குளிக்கப் போய்விட்டார்.

பக்கம் அடுக்கலாம் என்று உட்கார்ந்த நான்தான் முதலில் பார்த்தேன். அண்ணிக்குக் கண் திறந்திருந்தது. எல்லாப் படத்திலும் அதே கண். கிளார்க்கைப் பார்த்த கண். வாய் காதுவரைக்கும் சிரிக்கிறது, கண் மட்டும் ஓரமாகத் திரும்பிக் கழுத்தை நெரிக்கிறது. ஓரத்தில் நின்றது யார் என்றால், சம்பந்தியம்மா. மோதிரம் மாற்றும்போது அவரை முறைக்கிறார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே முறைக்கிறார். சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பரிமாறிக்கொண்டே முறைக்கிறார். அந்தத் தட்டில் என்ன கலந்திருக்கிறதோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

குளித்து வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "கண் திறந்திருக்குல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துண்டாலேயே அடித்திருப்பேன். பழைய படங்களைத் திருப்பி எடுங்கள் என்றேன். அப்போதுதான் எதற்கெல்லாம் "சரி" சொன்னோம் என்று யோசித்தார். துண்டோடு அப்படியே சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பாப்பாவிடமிருந்து போன். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். மாமியார் முதலில் படங்கள் நன்றாக வந்திருப்பதாகச் சொல்லிக் குடும்ப குரூப்பில் எல்லாம் போட்டிருக்கிறார். அங்கே யாரோ ஒரு சித்தி, உன் சம்பந்தி ஏன் உன்னை அப்படிப் பார்க்கிறாள் என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து சம்பந்தியம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி அண்ணியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பாப்பாவிடம் சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. போனை வைக்கிறதுக்கு முன்னால் அவள் இதையும் சொன்னாள்.

"அத்தை, அவங்க என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. உங்க அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

புகுந்த வீட்டில் இன்னும் சாவி எங்கே மாட்டுவது என்றுகூடத் தெரியாத பெண். அவள் வாழ்க்கை ஆரம்பிக்கிற இடத்திலேயே இவர் ஒரு க்ளிக்கில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார். நேரில் போய்ச் சொன்னால்தான் ஆகும், கிளம்புங்கள் என்று நான் பிடித்த பிடியில் மனுஷன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டார். வழியில் அண்ணியையும் ஏற்றிக்கொண்டோம். அண்ணியிடம் இருப்பது பட்டன் போன். படம் எதையும் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டில் வரச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னோம். அண்ணி சந்தோஷமாகப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பெரிய டிவி, அதற்கு எதிரே நீளமான சோபா. சம்பந்தியம்மா காபி கொடுத்தார். டம்ளரை வைத்த சத்தத்திலேயே விஷயம் புரிந்தது. பாப்பா சமையலறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் இவரை முழங்கையால் இடித்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சேனலில் பேசுகிற மாதிரியே, ஆப் எப்படி முகத்தைப் படிக்கிறது, புள்ளிகளை எப்படிச் சேர்க்கிறது என்று ஆரம்பித்தார். சம்பந்தியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தக் கண்ணு உங்க அக்காவோடதா, இல்லையா?"

"அக்காவோடதுதாம்மா. ஆனா அன்னிக்குப் பார்த்தது இல்ல."

"அப்போ என்னை என்னிக்கு அப்படிப் பார்த்தாங்க?"

"உங்களை இல்லம்மா. அது ஆபீஸ்ல."

"எந்த ஆபீஸ்ல? நான் எந்த ஆபீசுக்கும் வரலியே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்த மனுஷன் வாயைத் திறந்தால் இருக்கிற சண்டை போதாதென்று புதுச்சண்டை ஒன்று முளைக்கும். பேசாமல் அசல் படத்தைக் காட்டுங்கள் என்று மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். அசல் இல்லை என்று இவர் சொன்னார். அசலை அழித்துவிட்டு வந்து கதை சொல்கிறவனை நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "என் கண்ணுக்கு என்னடா? படத்தைப் போடு, நானும் பாக்குறேன்" என்றார். இவர் தயங்கினார். மாப்பிள்ளையே போனிலிருந்து டிவிக்கு மாற்றிவிட்டார்.

சுவர் அளவு பெரிதாக அண்ணி வந்து நின்றார். கையில் பூங்கொத்து, வாய் நிறையச் சிரிப்பு, அந்தக் கண். அடுத்த படம், அதே கண். அடுத்தது, பாப்பாவை அணைத்துக்கொண்டு அதே கண். அண்ணி சோபா நுனிக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பயம், அவமானத்தில் எழுந்து போய்விடுவாரோ என்று.

பரிமாறும் படம் வந்தது. அண்ணியின் தோள் குலுங்கியது. "அந்த கிளார்க்குடா" என்று சொல்ல வந்தவருக்கு மேலே வார்த்தை வரவில்லை. சிரிப்பு பீறிட்டுவிட்டது. கன்னம் ஏறியது, கண் மூடியது, இரண்டு கோடு. சிரித்துக்கொண்டே சாய்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். மூச்சு விடக்கூட முடியாமல் அந்தக் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

சம்பந்தியம்மா தன் கையைப் பார்த்தார். அப்புறம் மூடிக்கிடந்த அந்தக் கண்ணைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் பிடிச்சாங்க" என்றார் மெதுவாக. "மேடையில. என் வளையல்கூட நெளிஞ்சுபோச்சு. இவங்க கண்ணைத் திறக்கவே இல்லை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அதைச் சொல்லும்போதே அவருக்கும் உதடு துடித்தது. அவ்வளவு விறைப்பான அம்மா சிரிக்க ஆரம்பித்ததும் பாப்பா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டு சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர். கிளார்க் கதையை நான் சொன்னேன், இவரைச் சொல்ல விடவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கீழே கிடந்த தன் போனை எடுத்து, அதைக் கோணலாகப் பிடித்து, அண்ணியைப் படம் எடுத்தார். லென்ஸ் ஓரத்தில் அவர் விரல். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தது. இவர் தொழில்காரர் அல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். போன் 'டிங்' என்றது.

"யாரோ கண்ணை மூடிட்டாங்கன்னு போன் சொல்லுது" என்றார் சம்பந்தியம்மா. "இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா" என்றார் இவர். "போதும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அண்ணிக்கே சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயாடா போதும்ங்கிறே? என் கண்ணைத் திறக்கிறதுக்கு இத்தனை வருஷமா என் உசுரை வாங்கினியே. எதுக்குடா அது?"

இவர் லேப்டாப் பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினார். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அம்மா சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகமே இல்லக்கா. யோசிச்சா அந்தக் கார்டுதான் வருது. முறைக்கிறது. உனக்கும் கண்ணு திறந்த படம் கார்டுல மட்டும்தான், கடைசியில அதையே மாட்டுற மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான்."

நான் இவரோடு ஒரே அறையில் இத்தனை காலம் குப்பை கொட்டியிருக்கிறேன். இவர் எதற்காக இப்படிப் பேயாய் அலைகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆப் பைத்தியம் என்று மட்டும் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இவர் மேல் வந்த பாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அண்ணி இவர் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். "லூசு" என்றார். "நான் கண்ணைத் திறந்திருந்தா அது நானாடா?"

இவர் சம்பந்தியம்மாவிடம் அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். போனிலிருந்து போனுக்கு வந்ததில் பாதித் தரம் போய்விட்டது. அதற்கெல்லாம் வாடிக்கையாளர்களிடம் மணிக்கணக்கில் வகுப்பெடுக்கிறவர், நிறம்கூடத் தொடாமல் அப்படியே அச்சடித்து, சட்டம் போட்டு, அண்ணி வீட்டில் அம்மாவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். ஆப் பழக்கம் விட்டுவிட்டதா என்று கேட்காதீர்கள். அந்தக் கண் திறக்கிற சனியனை மட்டும் அழித்தார். அடுத்த வாரமே என் தம்பி பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கிவிட்டார்.

மாட்டிய அன்று அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தார்.

"நான் போனப்புறம் இதை எடுத்துட்டுக் கார்டு போட்டோவை மாட்டிடாதே" என்றார்.

"மாட்டமாட்டேன்க்கா."

"ஓரத்துல அந்த விரலை மட்டும் அழிச்சிடு. உன்கிட்டதான் எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கே."

"சம்பந்தியம்மா விரல்க்கா அது" என்றார் இவர். "அழிச்சா மறுபடியும் பஞ்சாயத்துக்குப் போகணும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம் ஏறி, கண் மூடிக்கொண்டது. இவர் கேமரா மேஜை மேல்தான் இருந்தது. அதை எடுக்காமல், சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணி சிரித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.